மலையில் டார்ச் அடித்துச் செய்தி சொல்வதற்கும் செல்போனுக்கும் உண்மையில் உறவு உண்டா?

ஏற்காட்டு வளைவு கேட்டது:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கின்றன. எனக்கு வேலை சேலத்தில் என்பதால் சனிக்கிழமை மாலை மலையேறுவதும் திங்கட்கிழமை முதல் பேருந்தில் இறங்குவதுமாக நாள்கள் போகின்றன. அம்மா மலை வீட்டை விட்டு வருவதாக இல்லை. பேருந்து நின்று திரும்பும் இடத்திலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அப்பால் எங்கள் வாசல் நேராகத் தெரியும். கண்ணுக்கு முக்கால் கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் ஓடையைக் கடந்து சரிவைச் சுற்றி நடந்தால் நாற்பது நிமிடம் ஆகும்.

சென்ற ஐப்பசி மழையில் மூன்று நாள்கள் மின்சாரம் இல்லை. முதல் நாள் இரவே செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. நான் கடைசிப் பேருந்தில் போய் இறங்கியபோது கும்மிருட்டு. எங்கள் இருவருக்குள்ளும் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு: இறங்கியதும் நான் வீட்டைப் பார்த்து டார்ச்சை மூன்று முறை அடிப்பேன், அம்மாவும் மூன்று முறை அடித்தால் வரலாம் என்று பொருள், விட்டுவிட்டு அடிக்காமல் ஒரே நீண்ட வெளிச்சமாகக் காட்டினால் ஓடையில் தண்ணீர் மிகுதி, கடைக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வா என்று பொருள். அன்று அம்மா நீண்ட வெளிச்சம் காட்டினார். நான் தங்கிவிட்டேன்.

மறுவாரம் அலுவலகத்தில், கணினிப் பிரிவில் இருக்கும் நண்பரிடம் இதைச் சொல்லி, இதுவும் வாட்ஸ்அப்பும் ஒன்றுதான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அப்படிப் பார்த்தால் மாட்டு வண்டியும் விமானமும்கூட ஒன்றுதான், இரண்டும் ஆளை ஏற்றிக்கொண்டு போகின்றன என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எங்கள் மலையில் வயதானவர்கள் தூரத்தை இன்றும் கூப்பிடு தூரம் என்றுதான் அளக்கிறார்கள். என் தாத்தா எதிர்ச்சரிவில் இருப்பவரை அழைக்கும்போது எடுத்த எடுப்பில் செய்தியைச் சொல்லமாட்டார். முதலில் நீட்டி ஒரு கூவல், எதிரிலிருந்து அதேபோல ஒரு கூவல் வந்த பிறகே இரண்டொரு சொல். நானும் செல்போனில் "ஹலோ, கேட்கிறதா" என்று கேட்டு, "கேட்கிறது" என்று பதில் வந்த பிறகுதான் பேசத் தொடங்குகிறேன். இது வெறும் தோற்ற ஒற்றுமையா, அல்லது பழைய முறைகளில் இருந்த ஏதோ ஒன்று இன்றைய கருவிகளுக்குள் உண்மையாகவே தொடர்ந்து வந்திருக்கிறதா? அழகான உவமைகளை நானே சொல்லிக்கொள்வேன். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சூரமங்கலத்துத் தாத்தா எழுதியது:

தம்பி, நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கணினி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் முகம் பார்க்காமல், குரல்கூடக் கேட்காமல், பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொருவரோடு உயிர் சம்பந்தப்பட்ட செய்தியைப் பரிமாறிக்கொள்வதுதான் என் வாழ்நாள் வேலையாக இருந்தது. அதைச் சொல்கிறேன்.

பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கு இடையே பிளாக் கருவி என்று ஒன்று இருக்கும். அதில் மணி உண்டு. நான் இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே மணி ஒலிக்கும். ஓர் அடி அடித்தால் கவனியுங்கள் என்று பொருள். இரண்டு அடி என்றால், பாதை காலியாக இருக்கிறதா, வண்டி அனுப்பலாமா என்ற கேள்வி. மூன்று அடி வண்டி புறப்பட்டுப் பிரிவுக்குள் நுழைந்துவிட்டதைச் சொல்லும். நான்கு அடி அது முழுதாக வந்து சேர்ந்துவிட்டதைச் சொல்லும். ஆறு அடி விழுந்தால் ஆபத்து. கையிலிருக்கும் தேநீர்க் குவளையை எங்கே வைத்தோம் என்றுகூட நினைவிருக்காது. இவ்வளவுதான் எங்கள் அகராதி. இந்த எண்ணிக்கைகளை வைத்துக்கொண்டே கோடிக்கணக்கானவர்களை ஊர் கொண்டு சேர்த்திருக்கிறோம்.

இதில் வெளியாருக்குத் தெரியாத பகுதி ஒன்று இருக்கிறது. அங்கிருந்து எத்தனை அடி வந்ததோ அத்தனை அடியை நான் திருப்பி அடிக்க வேண்டும். புரிந்தால் மட்டுமே திருப்பி அடிக்கலாம். திருப்பி அடிக்காத வரையில் அந்தச் செய்தி சொல்லப்பட்டதாகவே கணக்கில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைச் சடங்கு என்று நினைப்பார்கள். ஒரு சித்திரை மாதத்து இடிமழை இரவில் எனக்கு ஓர் அடி கேட்டது. திருப்பி அடித்தேன்; பதில் இல்லை. மறுபடியும் அடித்தேன், இல்லை. போனை எடுத்துக் கேட்டால், "நான் அடிக்கவே இல்லையே, ஐயா" என்கிறார் அந்தப் பக்கத்துக்காரர். கம்பியில் பாய்ந்த மின்னல் மணியை அடித்திருக்கிறது. திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லாவிட்டால், மின்னல் சொன்னதையும் மனிதர் சொன்னதையும் எப்படிப் பிரித்து அறிவது?

என் பேத்தி வாட்ஸ்அப்பில் வரும் குறிகளை எனக்கு விளக்கியபோது சிரிப்பு வந்துவிட்டது. ஒரு குறி என்றால் நம் போனை விட்டுப் போய்விட்டது. இரண்டு குறி என்றால் அவர் போனுக்குச் சேர்ந்துவிட்டது. நீலம் என்றால் திறந்து பார்த்துவிட்டார். வண்டி புறப்பட்டது, வந்து சேர்ந்தது என்று நாங்கள் மூன்றும் நான்குமாக அடித்ததுதான் இது. பதிவுத் தபாலில் கையெழுத்தாகித் திரும்பி வந்த அக்னாலெட்ஜ்மென்ட் அட்டையும் இதே வேலையைத்தான் செய்தது, என்ன, ஒரு வாரம் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒற்றைப் பாதையில் டிரைவரின் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி புறப்படக்கூடாது. உலோகக் குண்டாக இருக்கும் அந்த டோக்கனைத் தோல் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, ஓடுகிற எஞ்சினை நோக்கித் தூக்கிக் காட்டுவோம். டிரைவர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொண்டு போவார். ஒரு டோக்கன் வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது மறுமுனைக் கருவிக்குள் போய் விழும் வரையில் இரண்டு ஸ்டேஷனிலும் இன்னொன்றை எடுக்க முடியாது. ஆகவே எந்த நேரத்திலும் அந்தப் பாதையில் ஒரே வண்டி. 1985-ல் ஐ.பி.எம். நிறுவனம் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கொண்டுவந்த முறை ஒன்றுக்கு டோக்கன் ரிங் என்றே பெயர் என்று என் மருமகன் சொன்னார். கம்பியில் ஒரு டோக்கன் சுற்றிக்கொண்டே இருக்குமாம். அதைக் கையில் வைத்திருக்கும் கணினி மட்டுமே பேசலாமாம். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குப் பிரம்பு வளையத்தின் சொரசொரப்பு கையில் தட்டியது.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி, தம்பி. நீங்கள் மூன்று அடித்தீர்கள், அம்மா நீண்ட வெளிச்சம் காட்டினார்கள், நீங்கள் தங்கிவிட்டீர்கள். அந்த நீண்ட வெளிச்சத்தைப் பார்த்துவிட்டேன் என்று நீங்கள் திருப்பிக் காட்டினீர்களா? காட்டவில்லை என்றால், நீங்கள் ஓடையில் இறங்கிவிட்டீர்களோ என்று அந்த அம்மாள் அன்றிரவு தூங்கியிருக்கமாட்டார்கள்.

கண்ணாடி இழை எழுதியது:

ஐயா சொன்ன டோக்கனை இனி என் பயிற்சி வகுப்புகளில் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். நான் சேலம் பகுதியில் ஆப்டிகல் ஃபைபர் பதிப்பதிலும் செல்போன் கோபுரப் பராமரிப்பிலும் இருப்பவன். ஆகவே கேள்வி கேட்டவரின் ஊர்க் கோபுரம் அணைந்ததற்கு என்னை ஏச வேண்டாம், அது நான் பார்க்கும் பகுதி அல்ல.

பதில் கொடுப்பதைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். அதற்கும் முன்னால் இருப்பது, இரு பக்கத்திலும் ஒரே பட்டியல் இருக்க வேண்டும் என்பது. தந்தி இருந்த காலத்தில் அஞ்சலகத்தில் வாழ்த்து வாசகங்களுக்கு எண்ணிட்ட பட்டியல் ஒன்று தொங்கும். கல்யாணத்துக்குப் போக முடியாதவர் பட்டியலைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். கம்பியில் போவது அந்த எண்தான். பெறும் ஊர் அலுவலகத்தில் இருப்பவர் தன்னிடமுள்ள அதே பட்டியலைப் பார்த்து, மணமக்களை வாழ்த்தும் முழு வாசகத்தையும் பூப்போட்ட தாளில் நிரப்பி அனுப்புவார். 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோனது. ஆனால் அந்த எண்ணிட்ட பட்டியல் நிற்கவில்லை. நீங்கள் அக்காவுக்குக் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினால் படம் எதுவும் போவதில்லை. 128591 என்ற எண் போகிறது. அக்காவின் போன் தன்னிடமுள்ள பட்டியலில் அந்த எண்ணுக்குரிய படத்தை எடுத்து வரைந்துகொள்கிறது. அதனால்தான் ஒரே கும்பிடு இரண்டு போன்களில் இரண்டு விதமாகத் தெரிகிறது. பழைய போனாக இருந்து பட்டியலில் அந்த எண்ணே இல்லாவிட்டால் வெறும் கட்டம் தெரிகிறது. தமிழ் எழுத்துக்கும் இதே கதைதான்: "அ" என்பது யூனிகோடில் 2949. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு என்பதால் வாக்கியத்தைச் சுருக்கியது போலவே, குறுஞ்செய்தியிலும் இடத்துக்காகச் சுருக்கினோம். ஒரு செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம், தமிழுக்கு 70 மட்டும்.

இந்தப் பட்டியல் முறையைப் பெரிய அளவில் முதலில் நடத்திக் காட்டியவர் பிரான்சின் கிளாட் ஷாப். 1794-ல் பாரிஸுக்கும் லீல் நகருக்கும் இடையே மேடான இடங்களில் கோபுரம் கோபுரமாக எழுப்பி, உச்சியில் அசையும் மரக் கைகளைப் பொருத்தினார். கைகளுக்கு 92 நிலைகள். குறிப்பேட்டில் 92 பக்கங்கள். பக்கத்துக்கு 92 பதிவுகள். முதல் அசைவு பக்கம், இரண்டாவது அசைவு வரி. ஆக 8,464 சொற்களும் தொடர்களும் இரண்டே அசைவில். நடுக் கோபுரத்து ஆள் தொலைநோக்கியில் பார்த்து அப்படியே காட்ட வேண்டியதுதான். பொருள் அவருக்குத் தெரியாது. இன்றைய வாட்ஸ்அப்பில் இரு முனைகளுக்கு நடுவே இருக்கும் சர்வரின் நிலையும் அதுவே.

ஆனால் நடுவில் இருப்பவருக்குப் பொருள் தெரியாது என்பதால் மட்டும் ஏமாற்று நின்றுவிடுவதில்லை. 1834 முதல் 1836 வரை போர்தோ நகரில் பிளாங் சகோதரர்கள் இருவர், பாரிஸ் பத்திரச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துகொள்ள, தூர் நகரத்துக் கோபுர ஊழியருக்குக் கையூட்டுக் கொடுத்தார்கள். அவர் அரசுச் செய்தியின் நடுவே ஒரு தவறான குறியைச் சேர்த்து, உடனே தவறைத் திருத்தும் குறியையும் காட்டிவிடுவார். போர்தோவில் செய்தியை எழுதுபவர் அதை நீக்கிவிடுவார். ஆனால் வெளியே நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டாளிக்குச் சேதி கிடைத்துவிடும். கணினி பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே நெட்வொர்க் மோசடி பிறந்துவிட்டது.

மலைப் பாதை பற்றியும் சொல்ல வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இபின் பதூதா, காலால் ஓடி அஞ்சல் கொண்டுபோனவரின் கையில் உச்சியில் செம்பு மணிகள் கட்டிய கோல் இருந்ததை எழுதியிருக்கிறார். மணி ஓசை தூரத்தில் கேட்டதும் அடுத்த சாவடிக்காரர் எழுந்து தயாராகிவிடுவார். பை கைமாறும்போது ஓட்டம் நிற்காது. திருவிதாங்கூர் அஞ்சலிலும் மணி கட்டிய கோல் இருந்தது. நீங்கள் பேசிக்கொண்டே பேருந்தில் போகும்போது செல்போன் செய்வதும் அதுவே. பக்கத்துக் கோபுரத்தின் அலை வலுப்பதை உங்கள் போன் அளந்து சொல்ல, இப்போதைய கோபுரம் அடுத்த கோபுரத்திடம் இடம் கேட்டு வாங்கிய பிறகே உங்கள் அழைப்பைக் கைமாற்றிவிடும். ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அழைப்பு அறுந்துபோவதற்கும் காரணம் இதில் இருக்கிறது. வண்டி திரும்பிய நொடியில் பாறை குறுக்கே வந்து ஒரு கோபுரத்தை முழுதாக மறைத்துவிடுகிறது. மணி கேட்பதற்கு முன்னாலேயே ஓட்டக்காரர் வந்து நின்றால் அடுத்தவர் எப்படித் தயாராவார்?

அதே மலைதான் நேர்கோட்டுப் பார்வைக்குப் பெரிய வசதியும் செய்கிறது. சேர்வராயன் கோயில் உச்சி 1,623 மீட்டர். சேலத்துத் தரையிலிருந்து ஏறத்தாழ 1,340 மீட்டர் மேலே. தடை எதுவும் இல்லாத சமவெளி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் அங்கிருந்து அடிவானம் 130 கிலோமீட்டர் தொலைவில் விழும். தீ மூட்டிக் காட்டியவர்களும், 1869-ல் கராச்சியில் வெயிலைக் கண்ணாடியால் மின்ன வைத்து ஹீலியோகிராஃப் கண்ட ஹென்றி மான்ஸும், கோபுரத்துக்கு இடம் தேடும் நாங்களும் மேட்டைத் தேடிப் போவது ஒரே காரணத்துக்காகத்தான்.

இனி, உங்கள் நண்பர் பக்கத்து நியாயம். உங்கள் டார்ச் இரண்டே செய்திகளைச் சொல்லும். இரண்டையும் நீங்கள் முன்பே யோசித்து வைத்திருக்கிறீர்கள். திண்ணையில் பாம்பு படுத்திருக்கிறது என்பதை அம்மாவால் அதில் சொல்ல முடியாது. இன்றைய கருவியில் எதிர்பாராததையும் சொல்லலாம். குரல், படம், கணக்கு எல்லாவற்றையும் எண்ணாக்கி ஒரே பாதையில் அனுப்பலாம். இந்தத் தாவல் மோர்ஸ் குறியீட்டிலேயே தொடங்கிவிட்டது, ஏனென்றால் அதில் எழுத்துக் கூட்டி எதையும் சொல்லலாம். ஆகவே உங்கள் டார்ச்சுக்கு நெருங்கிய உறவு வாட்ஸ்அப் அல்ல, மிஸ்டு கால். பேருந்து ஏறியதும் ஒரு ரிங் கொடுத்துவிட்டுக் கட் செய்வோமே, அது.

வைகையிலிருந்து வந்தவன் எழுதியது:

மிஸ்டு கால் என்றதும் எங்கள் மதுரைக் கதை நினைவுக்கு வந்தது. திருவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கு உச்சிக்கால பூஜை முடிந்த பிறகே திருமலை நாயக்கர் உணவு கொள்வார் என்றும், அதை அறிவிக்க வழியெங்கும் மண்டபங்கள் கட்டி, ஒன்றில் எழும் ஓசையைக் கேட்டு அடுத்ததில் முழங்கும்படி ஏற்பாடு செய்திருந்தார் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கட்டபொம்மனுக்குத் திருச்செந்தூரிலிருந்து மணி வந்ததாகவும் இதேபோல ஒரு கதை உண்டு. கதையின் வரலாற்று உண்மையை விடுங்கள். கணக்குப் பொருந்துகிறதா என்று பார்த்தேன். சுமார் 75 கிலோமீட்டர். ஒலி நொடிக்கு 340 மீட்டர். ஒலி கடக்க மட்டும் நான்கு நிமிடத்துக்கும் குறைவு. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்றும், ஒவ்வொருவரும் கேட்டு அடிக்க மூன்று நொடி என்றும் வைத்தால் இன்னும் இரண்டு நிமிடம். சோறு ஆறுவதற்குள் சேதி வந்துவிடும்.

ஆனால் சூரமங்கலத்து ஐயாவின் அளவுகோலால் பார்த்தால் இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. நடுவில் ஒருவர் கண்ணயர்ந்துவிட்டால், பூஜை நடக்கவில்லையா, மணிக்காரர் தூங்கிவிட்டாரா என்று அரண்மனையில் யாருக்கும் தெரியாது. மன்னர் பட்டினி.

ஆத்தூர் டீச்சர் எழுதியது:

அனைவரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தச் செய்தியைச் சுமந்தவர்கள் யார் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. மணிக்காரர் தூங்கினால் மன்னர் பட்டினி என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார் தம்பி. மணிக்காரர் சாப்பிட்டாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் பிறந்த ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உறவினர் ஊர்களுக்கெல்லாம் இழவு சொல்லிப் போக ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட வேலை அல்ல அது; இந்தச் சாதியில் பிறந்தவர் இதைச் செய்ய வேண்டும் என்று ஊர் சுமத்திய வேலை. வெயிலோ மழையோ, பதினைந்து இருபது கிலோமீட்டர் நடந்து போய்த் தெருமுனையில் நின்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, வாசலுக்கு வெளியே வைக்கப்பட்டதை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். தண்டோராவும் அப்படித்தான். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோராவைத் தடை செய்து, வண்டியில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தட்டிவிட்டால் இருநூறு பேருக்குச் சாவுச் செய்தி போய்விடுகிறது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நான் சலித்துக்கொள்ளமாட்டேன், அந்தக் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் என்னிடம் படித்தான், இப்போது வேறு வேலையில் இருக்கிறான்.

கண்ணாடி இழை எழுதிய பட்டியல் விஷயத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். செய்தியைப் படிப்பதற்கு முன்பே அது எந்த வகை என்று சொல்லும் அடையாளம் நம் கடிதங்களில் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் சுபம். ஓரத்தில் கறுப்பு இருந்தால் கருமாதிக் கடுதாசி, அதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டார்கள். தபால்காரர் தூரத்தில் வரும்போதே மஞ்சளா கறுப்பா என்று என் பாட்டி கண்ணை இடுக்கிப் பார்ப்பார். தந்தி என்றால் அதுவும் தேவையில்லை. தந்திக்காரரின் சைக்கிள் நின்றாலே அழுகை தொடங்கிவிடும். என் அண்ணனுக்கு வேலை கிடைத்த செய்தி தந்தியில்தான் வந்தது. அதை வாசிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் வந்து சேர்வதற்குள் பாட்டி தலைவிரி கோலமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

வேகமாக வருவது கெட்ட செய்தி என்ற அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல் போன் அடித்தால், யார் என்று பார்ப்பதற்கு முன்பே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பெரும்பாலும் கடன் வேண்டுமா என்று கேட்கும் பதிவுக் குரல்தான்.

நடுவில் இருப்பவரை நம்புவது பற்றியும் ஒரு சொல். திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரத்தில் 589-ஆம் குறள், ஒருவரை ஒருவர் அறியாதபடி மூன்று ஒற்றர்களை ஆள வேண்டும், மூவர் சொல்லும் ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறது. குழுக்களில் வரும் வதந்திக்கு இதைப் பொருத்தும்போது மட்டும் கவனம் வேண்டும். மூன்று குழுக்களிலிருந்து ஒரே செய்தி வந்தால் மூன்று சாட்சி ஆகிவிடாது. ஒருவர் எழுதியதை மூவர் தள்ளிவிட்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாதபடி என்ற நிபந்தனையை நாம் கைவிட்டுவிட்டோம்.

ஏற்காட்டு வளைவு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சூரமங்கலத்து ஐயாவின் கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். "நீ பார்த்தாயோ இல்லையோ என்று பன்னிரண்டு மணி வரைக்கும் வாசலில் நின்றேன், பேட்டரி தீர்ந்துபோகும் என்றுதான் விளக்கை அணைத்தேன்" என்றார். இத்தனை மாதம் அவர் இதை எனக்குச் சொல்லவில்லை. நான் கடைக்காரர் வீட்டில் சூடாகக் களி தின்றுவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

ஆகவே இப்போது எங்கள் ஏற்பாட்டைத் திருத்தியிருக்கிறோம். அவர் எதைக் காட்டினாலும் நான் அதையே திருப்பிக் காட்ட வேண்டும். நான் திருப்பிக் காட்டும் வரையில் அவர் நிறுத்தக்கூடாது. கண்ணாடி இழை சொன்னதற்காக, ஐந்து முறை அடித்தால் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று, கடைக்காரரின் லேண்ட்லைனில் கூப்பிடு என்று ஒரு செய்தியையும் சேர்த்தேன். ஆறு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஐயா எழுதியதை வாசித்துக் காட்டியதிலிருந்து அவருக்கு ஆறு என்றாலே பயம்.

டீச்சர் அம்மா எழுதியதையும் வாசித்துக் காட்டினேன். எங்கள் மலையிலும் கீழூர்களுக்குச் சேதி கொண்டுபோன ஒருவர் இருந்ததாகவும், தாத்தா அவரைப் பெயர் சொல்லி அழைத்து யாரும் கேட்டதில்லை என்றும் அம்மா சொன்னார். அவருக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை.

நேற்று புதிய ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கலாம் என்று இறங்கி நின்றால் மூடுபனி. என் டார்ச் வெளிச்சம் என் முன்னாலேயே வெள்ளையாக நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து எதிர்ச்சரிவிலிருந்து எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிக்கும் ஓசை கேட்டது. மூன்று. கடையிலிருந்த தகர டப்பாவை வாங்கி நானும் மூன்று அடித்தேன். உடனே ஊர் நாய்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கிவிட்டன. அம்மா அதற்குப் பிறகு அடித்தது இரண்டா மூன்றா என்று எண்ண முடியவில்லை. எதற்கும் என்று நடந்துவிட்டேன்.

சூரமங்கலத்துத் தாத்தா எழுதியது:

எண்ண முடியாவிட்டால் நடக்கக்கூடாது, தம்பி. மறுபடியும் ஓர் அடி அடித்துக் கவனத்தைக் கேட்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாய்கள் ஓயும் வரையில் நின்றால் வண்டி தாமதமாகும்; ஆகட்டும்.